பஸ் காசு யார் கணக்கில்? அரவிந்த் கண் மருத்துவமனையும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை அண்ணா நகரில் 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி உலகம் முழுக்க மேலாண்மைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993லேயே அதைப் பாடமாக எழுதிவிட்டது. அப்படி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டரைப் பற்றியே பேசுகிறது. ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒருவருக்கு முடிவதற்குள் அடுத்தவர் தயார். நாட்டின் சராசரி கண் டாக்டர் ஆண்டுக்குச் செய்வதைப் போலப் பல மடங்கு ஆபரேஷன். எல்லாம் உண்மை. ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு வேண்டிய விஷயம் தியேட்டருக்கு வெளியே நடந்தது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு நோயாளி தன் வீட்டுத் திண்ணையை விட்டுக் கிளம்பியதிலிருந்து, ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்து அதே திண்ணையில் உட்காரும்வரை ஆகிற செலவு முழுவதையும் ஒரு நிறுவனம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. இந்த ஆய்வு அந்த ஒரு காரியத்தைப் பின்தொடர்கிறது. அது எப்படி வந்தது, எங்கே போதாமல் போனது, பார்வை திரும்பாதவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

தொடக்கம்

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து 1944ல் டாக்டரானார். குடும்பத்துப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர் என்பதால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் கடுமையாகத் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது விரல்கள் கோணிப்போய்விட்டன. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்றாகிவிட்டது. அதன் பிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார். 1956ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைவரானார். அந்த விரல்களோடு வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

இந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் ‘குறையை வென்றார்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. விரல் நேராகவில்லை, முடக்குவாதம் கடைசிவரை அவரோடுதான் இருந்தது. தன் கைக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டார், கத்தியைப் பிடிக்கும் விதத்தைப் புதிதாகப் பழகினார். கை இருந்தபடி இருந்தது, அதைச் சுற்றியிருந்தவை மாறின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். உடலில் அல்லது மனத்தில் உள்ள நீண்டகாலக் குறை, வெளியே உள்ள தடைகளோடு மோதும்போது ஒருவர் மற்றவர்களைப் போலச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாமல் போகிறது என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. வெங்கடசாமி இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே தன் கையில் அனுபவித்தவர். அவர் கட்டிய நிறுவனத்தில் அந்த அனுபவத்தின் சாயல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1976ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் கோவல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பெயரில் மருத்துவமனை தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் சேர்ந்தார்கள். குடும்பத்து நகைகளை அடகு வைத்துக் கட்டிய மருத்துவமனை என்பது மதுரையில் பலரும் அறிந்த கதை. மத்திய அரசின் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976ல்தான் வந்தது. அன்று நாட்டில் பார்வையிழந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குக் காரணம் கண்புரை. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும் என்று தெரிந்தும் லட்சக்கணக்கானவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

முகாம் ஊரை விட்டு நகர்ந்தபோது

1960களிலும் 70களிலும் கண் முகாம் என்றால் ஆபரேஷனே ஊருக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தையோ சத்திரத்தையோ சுத்தம் செய்து, வெள்ளைத் துணி கட்டி, வரிசையாகப் படுக்க வைத்துச் செய்வார்கள். வெங்கடசாமியே அரசு டாக்டராக இருந்த காலத்தில் அப்படிப் பல முகாம்களை நடத்தியவர். அதில் உள்ள ஆபத்து சொல்லாமலே புரியும்: கிருமித்தொற்று. பின்னால் லென்ஸ் வைக்கும் ஆபரேஷன் வந்ததும் மைக்ராஸ்கோப்பும் சுத்தமான தியேட்டரும் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. எனவே ஊரில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் மருத்துவமனையில் என்று அரவிந்த் மாறியது. மருத்துவ ரீதியாகச் சரியான முடிவு, இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த முடிவோடு ஒரு தூரமும் வந்து சேர்ந்தது. முன்பு நடந்தே போய்ச் செய்துகொள்ள முடிந்த காரியத்துக்கு இப்போது மதுரைக்குப் போக வேண்டும். ஆபரேஷன் இலவசம், வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியவர்களில் பெரும்பாலானவர்கள் வரவில்லை.

இங்கேதான் பல நிறுவனங்கள் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதி முடித்துக்கொள்ளும். இந்த ஒரு வாக்கியம் நம் பக்கத்துத் திட்ட அறிக்கைகளில் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அது யாருடைய தவறையோ பயனாளி தலையில் சுமத்துகிற வாக்கியம். அரவிந்தில் வராதவர்களின் வீட்டுக்கே போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

ஓர் அப்பத்தாவின் கணக்கு

கிடைத்த பதில்களைப் புரிந்துகொள்ள, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு கண்ணிலும் புரை முற்றிய ஓர் அப்பத்தாவை மனதில் வைத்துக்கொள்வோம். எந்தத் தனி மனிதரையும் குறிக்காமல், அந்தப் பதில்களையெல்லாம் ஒரே ஆளாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

அவருக்கு ஆபரேஷனுக்குப் பைசா செலவில்லை. ஆனால் தனியாகப் பஸ் ஏற முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். துணைக்கு மகன் போனால் அவனுக்கு அன்றைய கூலி போச்சு. மூன்று நாள் தங்கினால் மூன்று நாள் கூலி. மருமகள் போனால் பிள்ளைகளுக்குச் சோறு யார் பொங்குவது, ஆட்டை யார் பத்திக்கொண்டு போவது. போகவர இரண்டு பேருக்கு டிக்கெட். மதுரையில் துணைக்கு வந்தவருக்குச் சாப்பாடு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பஸ் ஏறுவது என்று தெரியாத பயம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வரச் சொல்வார்கள், அதற்கு மறுபடி இதே செலவு. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பு. “எனக்கெதுக்குப்பா இனிமே கண்ணு? பேரன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான், அது போதும்” என்பார். இதை விதியை நம்புகிற பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. வீட்டுக் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, தன்னைக் கடைசியில் வைத்துக்கொண்ட பேச்சு அது. கண்புரை பெண்களுக்கு அதிகமாக வந்தும் ஆபரேஷனுக்கு வருவதில் பெண்கள் பின்தங்குவதற்கு இந்தக் கணக்கே பெரிய காரணம்.

கூட்டிப் பார்த்தால் ஒரு ‘இலவச’ ஆபரேஷன் ஒரு கூலிக் குடும்பத்துக்குப் பல நாள் வருமானத்தைத் தின்றுவிடும்.

1980களில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். சில கிராமங்களில் ஆபரேஷன் மட்டும் இலவசம். வேறு சிலவற்றில் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்து இலவசம். செய்தியைக் கொண்டுபோகும் வழிகளையும் மாற்றிப் பார்த்தார்கள். 1991ல் அந்த ஆய்வு வெளியானது. செலவு முழுவதும் ஏற்கப்பட்ட இடங்களில் பலன் கூடியது. செய்தி சொல்லும் வழிகளில் நன்றாக வேலை செய்தது, ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது. டாக்டர் மைக்கில் சொல்வதைவிட, “நானும் பயந்தேன் ஆத்தா, இப்ப பாரு, ஊசியில நூல் கோக்குறேன்” என்று பக்கத்துத் தெருக்காரர் சொல்வது போய்ச் சேர்கிறது. மாற்றுத்திறனாளிகளே மாற்றுத்திறனாளிகளிடம் போய்ப் பேசுவது என்பதை இன்று புதிய உத்தியாகப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். நம் கிராமங்களில் அது 40 வருடங்களுக்கு முன்பே சோதித்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

அப்புறம் உருவான முறை இப்படி. முகாமுக்கு ஓர் உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்கும்: லயன்ஸ் சங்கம், ரோட்டரி, கோயில் அறக்கட்டளை, மில், வங்கி என்று யாராவது. நோட்டீஸ், மைக் கட்டிய வண்டி, இடம் எல்லாம் அவர்கள் ஏற்பாடு. பரிசோதனை, பார்வை அளவு, கண் அழுத்தம், கடைசியில் டாக்டர் என்று வரிசையாகப் போகும். கண்ணாடி தேவைப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அங்கேயே செய்து கொடுத்துவிடுவார்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ‘அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் பாதிப் பேருக்கு அந்தக் கண்ணாடி கிடைக்காமலே போகும். ஆபரேஷன் தேவைப்படுபவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப் போவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போய், ஒன்றாகப் பாய் விரித்துப் படுத்து, ஒன்றாகத் திரும்புவார்கள். வீட்டிலிருந்து துணைக்கு ஆள் வர வேண்டிய அவசியம் அங்கேயே குறைந்துவிடுகிறது. பஸ், சாப்பாடு, தங்கல் எதற்கும் நோயாளி கையிலிருந்து பணம் போகாது. மறுபரிசோதனைக்கு ஒரு குழு திரும்பவும் அதே ஊருக்கு வரும்.

இலவசப் பிரிவில் கட்டில் இல்லை, பாய்தான் என்று அந்தக் காலத்தில் சிலர் குறை சொன்னதுண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. வீட்டில் பாயில் படுப்பவருக்குப் பாய் அவமானமல்ல. கட்டிலுக்கான பணத்தில் பஸ் ஓடியது என்றால் அது நல்ல தேர்வு.

பணமும் லென்ஸும் ஆட்களும்

இந்தப் பகுதியைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கும் தொகையிலிருந்து மற்றவர்களுக்குச் செலவு நடக்கிறது. செய்யும் ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்கிறார். வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அடிக்கோடிட விரும்புகிறேன். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்த எவருக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

லென்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி குருடு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்தால் அன்றைக்கு 100 டாலர் அளவில் விலை. ஏழைகளுக்கு அது எட்டாது. 1992ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, ஆரம்பத்தில் 10 டாலர் அளவிலும் பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தார்கள். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. இதிலும் நான் பார்ப்பது அதே கணக்கைத்தான்: சோடாபுட்டி உடைந்தால் மறுபடி ஊரிலிருந்து மதுரைக்கு ஒரு பயணம். உள்ளே வைத்த லென்ஸ் உடையாது.

ஆட்களைப் பொறுத்தவரை, கிராமத்துப் பெண்களை பள்ளிப் படிப்பு முடித்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, பார்வை அளவெடுப்பதிலிருந்து தியேட்டரில் உதவுவதுவரை பொறுப்புகளைக் கொடுத்தார்கள். டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியதை டாக்டர் செய்தால் போதும் என்றானது. இந்தப் பெண்கள் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது. அதோடு, உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு பாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

100க்கு 7

இவ்வளவுக்குப் பிறகு அரவிந்த் தன்னைத் தானே மறுபடி சோதித்தது. முழு ஆய்விலும் என் மனதைத் தொட்ட இடம் இது. முகாம்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தன, கூட்டம் குறையவில்லை, விருதுகளும் வந்துகொண்டிருந்தன. அங்கேயே நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் முகாம் நடந்த பகுதிகளில் வீடு வீடாகப் போய், கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று எண்ணிய ஓர் ஆய்வு 1999ல் வெளியானது. 100க்குச் சுமார் 7 பேர்.

வந்தவர்களை எண்ணினால் கூட்டம் தெரியும். வராதவர்களை எண்ணினால்தான் வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலான தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் முதல் எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது.

அந்த 7க்கு விடையாக வந்தவைதான் பார்வை மையங்கள். சிறு நகரத்தில் அல்லது பெரிய கிராமத்தில், கடைத்தெருவிலேயே ஒரு சின்ன இடம். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து அனுப்புவார். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் வீடியோவில் பேசுவார். கண்ணாடி அங்கேயே கிடைக்கும். 2000களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மருத்துவமனைக்கும் அதைச் சுற்றிய மையங்களுக்கும் இடையே நீண்டதூர வை-ஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தார்கள். கிராமத்தில் இணையமே எட்டிப் பார்க்காத காலம் அது. இன்று இத்தகைய மையங்கள் 100க்கு மேல் உள்ளன. முகாம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். மையம் தினமும் திறந்திருக்கும். அப்பத்தா சந்தைக்குப் போகிற பஸ்ஸிலேயே போய்விட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். மகனுடைய கூலி போகாது.

மூன்று கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் ஆபரேஷன் செலவை நிறுவனம் ஏற்றது. பிறகு பயணச் செலவை ஏற்றது. கடைசியில் பயணத்தையே முடிந்தவரை இல்லாமல் செய்தது. ஒவ்வொரு முறையும் நகர்ந்தது நிறுவனம்.

பார்வை திரும்பாதவர்கள்

இதுவரை சொன்னது சரிசெய்யக்கூடிய பார்வையிழப்பைப் பற்றி. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் இன்னமும் கண்புரைதான். மீதி மூன்றில் ஒரு பங்கிலும், பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைகளிலும் பலருக்கு எந்த டாக்டராலும் பார்வையைத் திருப்பித் தர முடியாது. அவர்களுக்கு வேண்டியது பள்ளிக்கூடம், பிரெயில், கைத்தடியோடு நடக்கும் பயிற்சி, வேலை. மதுரையிலேயே இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் பள்ளியும் விடுதியும் நடத்துகிறது.

அரவிந்தின் முறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. காரணம் எளிது. கண்புரை ஆபரேஷன் ஒரு முறை செய்தால் முடிந்தது. மூளைமுடக்குவாதம் உள்ள ஒரு குழந்தைக்குப் பிசியோதெரபி வருடக்கணக்கில் வேண்டும். ஆபரேஷனை வேகப்படுத்தலாம், ஒரு குழந்தை ஸ்பூனைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதை வேகப்படுத்த முடியாது. பணக்கார நோயாளி ஏழை நோயாளிக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இங்கே நடக்காது. நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோரே தெரபிக்குச் செலவழித்துக் களைத்துப் போயிருக்கிறார்கள்; அவர்களிடம் இன்னும் கொஞ்சம் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது நியாயமும் ஆகாது. ஆகவே இரண்டு மேஜை தத்துவத்தைச் சிறப்புப் பள்ளிகளுக்கு உபதேசிக்கும் ஆலோசகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பொருந்துவது பஸ் கணக்குதான். அதுவும் இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். குழந்தையைத் தெரபிக்குக் கூட்டி வரும் அம்மாவைப் பாருங்கள். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும்போது இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஐந்து, ஆறு வயதாகும்போது தூக்க முடியாது. சக்கர நாற்காலியை நம் டவுன் பஸ்களில் பெரும்பாலானவற்றில் ஏற்ற வழியில்லை. ஆட்டோ என்றால் ஒவ்வொரு முறையும் கூலியில் பாதி. தெரபி பலன் தர ஆரம்பிக்கும் நேரத்தில் குழந்தையின் எடையே அதை நிறுத்திவிடும். அறிக்கையில் அது ‘பெற்றோரின் ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவாகும்.

ஆய்க்குடி

இந்த இடத்தில் மதுரைக்குத் தெற்கே, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியைப் பார்ப்பது உதவும். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1976 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981ல் தன் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர் அது. பின்னாளில் தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். 2020ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர்களும் பள்ளி, விடுதி, தெரபி மையம் எல்லாம் கட்டினார்கள். ஆனால் மையத்துக்கு வரச் சொல்வதோடு நிற்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அந்தப் பெண் அம்மாவோடு உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே பயிற்சி காட்டுவார். குழந்தையின் முன்னேற்றத்தை ஒரு செயலியில் பதிவு செய்வார். பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள். அரவிந்தின் பார்வை மையத்தை ஒரு படி தாண்டி, திண்ணை வரைக்கும் கொண்டுபோன ஏற்பாடு என்று சொல்வேன். இங்கேயும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண், தொலைவில் இருந்து மேற்பார்வை, குடும்பத்தின் கூலி போகாமல் பார்த்துக்கொள்வது. ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்தார்களா என்பது முக்கியமில்லை. இரண்டையும் தொடங்கியவர்கள் உடலில் குறை வந்து, வெளியே போவது என்றால் என்ன செலவு என்பதை நேரில் அறிந்தவர்கள்.

மன நோயிலும் இதே தூரம் வேலை செய்கிறது. அங்கே அதன் விலை இன்னும் கொடூரமாக இருந்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, கீழக்கரை பக்கத்து ஏர்வாடியில், மன நோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் தர்கா உள்ள ஊரில் இயங்கிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். காப்பகம் நடத்தியவர்களைக் குற்றம் சொல்வது சரிதான்; தண்டனையும் கிடைத்தது. ஆனால் ஒரு குடும்பம் தன் மகனை அங்கே கொண்டுபோய் விட்டதற்குப் பின்னால் இருந்த கணக்கையும் கேட்க வேண்டும். மாதா மாதம் நகரத்துக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டிய நோய், கிராமத்தில் அதற்கு டாக்டர் கிடையாது, கூட்டிப்போக ஆள் கிடையாது. தர்காவில் தங்க இடம் இருந்தது, கூட்டமும் நம்பிக்கையும் இருந்தன. மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை செய்துவரும் சமூக மனநலப் பணி இந்த இடைவெளியைத்தான் நிரப்பப் பார்க்கிறது.

மதுரையில் இனி

அரசும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2021ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தபோது, மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். துணைக்கு வருபவரையும் கணக்கில் எடுத்தது மிகச் சரியான முடிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டது. உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் பல சேவைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன.

தொண்டு நிறுவனங்கள்தான் இதில் தயங்குகின்றன. தயக்கத்துக்குக் காரணம் மனமில்லாமை என்று நான் நினைக்கவில்லை. நிதி வரும் விதம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் 100 சக்கர நாற்காலி கொடுத்தோம் என்றால் மேடை போட்டுப் படம் எடுக்கலாம். ஒரு ஊழியர் ஸ்கூட்டரில் மாதம் முழுக்க அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் சுற்றினார் என்பதற்குப் படம் இல்லை. நிதி கொடுப்பவர் பார்வையில் அந்தப் பெட்ரோல் ‘நிர்வாகச் செலவு’. வெளிநாட்டு நிதியிலோ, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு. எனவே எந்தச் செலவு குடும்பத்தின் மேல் விழுகிறதோ அது பட்ஜெட்டில் வராமலே போகிறது. கொடுத்த சக்கர நாற்காலி வீட்டுக்கு முன்னால் உள்ள மண் பாதையில் உருளாமல் மூலையில் நிற்கிறதா என்று போய்ப் பார்க்கவும் பெட்ரோல் வேண்டும்.

நான் சொல்ல விரும்பும் யோசனை பெரியது ஒன்றுமில்லை. மதுரை மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் ஒவ்வொரு அமைப்பும் ஒரு மாதத்துக்கு, தன்னிடம் வரும் குடும்பங்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எங்கிருந்து கிளம்பினீர்கள், எத்தனை மணிக்கு? கூட வந்தவர் யார், அவருக்கு இன்றைய கூலி போனதா? வர எவ்வளவு செலவானது? வீட்டில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள்? வராமல் நின்றுவிட்டவர்களின் வீட்டுக்குப் போய் இதே கேள்விகளை இன்னும் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஊனச் சான்றிதழுக்காகவும் அடையாள அட்டைக்காகவும் எத்தனை நடை நடந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பல குடும்பங்களுக்கு முதல் களைப்பு அங்கேயே வந்துவிடுகிறது. அந்தத் தொகையைக் கூட்டி, திட்ட அறிக்கையில் ‘குடும்பத்தின் செலவு’ என்று தனி வரியாக எழுதி நிதி கொடுப்பவர் முன்னால் வைக்கட்டும். தலைப்பு வேறாக இருந்தால் அதை நிர்வாகச் செலவு என்று வெட்டுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

இரண்டாவது, ஏற்கெனவே ஊருக்குள் திறந்திருக்கும் கதவுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பார்வை மையம், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் இருக்கும் ஊரில் ஒவ்வொரு அமைப்பும் தனியாக முகாம் போட வேண்டியதில்லை. சிறப்புப் பள்ளியின் ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் அங்கே வந்து உட்காரலாம். பார்வை மையத்தில் ஒரு குழந்தையைப் பார்த்து “இதுக்கு ஆபரேஷன் கிடையாதும்மா” என்று சொல்ல நேரும்போது, அந்த அம்மா அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், அவர் எந்தக் கிழமை இதே ஊருக்கு வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிய வேண்டும். அதற்குத் தேவைப்படுவது இரண்டு அமைப்புகளுக்கு இடையே ஓர் ஒப்பந்தமும், வாரத்துக்கு ஒரு ஆளின் பஸ் டிக்கெட்டும்.